மணிக்கட்டில் கட்டிய நூல்

சேசு மரி சூசை துணை

சூளை, பெங்களூர் தண்டு
11 ஜனவரி 1937

அன்புத் தம்பி யூஜினுக்கு,

அக்கா பிரிஜெட்டின் ஆசீர்வாதம். நானும் மகள் பெட்டியும் சௌக்கியம். மதராஸில் உனக்கு வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று எழுது. கூடப் பிறந்தவளுக்கு ஒரு கார்டு போட நேரமில்லை, ஊருக்கெல்லாம் கதை எழுத நேரமிருக்கிறது.

நேற்று அவளுக்குக் கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். பெட்டி பெயரும் டொமினிக் வாத்தியார் மகன் அலெக்சாண்டர் பெயரும் சேர்ந்து காதில் விழுந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். யாரும் தடை சொல்லாவிட்டால் 27ந் தேதி புதன்கிழமை கல்யாணம். தகப்பன் இல்லாத பிள்ளை. பீடம் வரைக்கும் அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டிய தாய்மாமன் நீதான். கடைசி நேரத்தில் ஆபீஸ் வேலை என்று சாக்குச் சொல்லாதே.

உன் தொடர்கதையை வாராவாரம் பக்கத்து வீட்டுப் பியாட்ரிஸ் சத்தமாக வாசிக்க, எங்கள் வரிசைப் பெண்கள் எல்லாரும் கேட்கிறோம். சூளையைக் கும்பகோணமாக்கி, என்னை ஜகதாம்பாள் என்ற ஐயர் வீட்டு அம்மாளாக்கிவிட்டாய். மடிசார் வேறு. உன் அத்தானுக்குப் பாரிசவாயு வந்து குரல் போன பிறகு, வேண்டியபோது அவர் இழுத்துக் கூப்பிட, கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு நூல் விட்டு, வாசலில் மிஷின் தைக்கும் என் மணிக்கட்டில் கட்டிக்கொள்வேனே, அதை அப்படியே எழுதியிருக்கிறாய். "ஐயோ, இது நம்ம பிரிஜெட்டக்காதான்" என்றாள் பியாட்ரிஸ். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

உன் அக்கா,
பிரிஜெட்


மதராஸ்
14 ஜனவரி 1937

அன்புள்ள அக்காவுக்கு,

யூஜின் வணக்கம். பெட்டிக்கு வெள்ளைப் பட்டில் சரிகை போட்ட சேலை வாங்கிவிட்டேன். 26ந் தேதி காலை மெயிலில் வந்து இறங்குகிறேன்.

ஒரு விண்ணப்பம். இந்த வாரத்து அத்தியாயத்தைப் பியாட்ரிஸ் வாசிக்க வேண்டாம். அச்சாகிவிட்டது, நிறுத்த வழியில்லை. அதில் ஜகதாம்பாள் நல்லவளாக இல்லை. கதையில் கொஞ்சம் முறுக்கு வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் நச்சரிக்கிறார். நூல் மட்டும்தான் உங்களுடையது. மற்றதெல்லாம் வெறும் கற்பனை, மனத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தம்பி,
யூஜின்


சேசு மரி சூசை துணை

சூளை
19 ஜனவரி 1937

தம்பி யூஜினுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் வாசித்தாகிவிட்டது. ஜகதாம்பாள் நூலை அவிழ்த்துக் கொய்யாமரத்தில் கட்டிவிட்டு, எதிர்வீட்டில் தாயம் ஆடப் போகிறாள். புருஷன் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுச் செத்துப்போகிறான். பியாட்ரிஸ் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை வாசித்தபோது எனக்குப் பின்னால் குசுகுசுவென்று பேச்சு. பூசை முடிந்து டொமினிக் வாத்தியார் நம் வீட்டுக்கு வந்தார். வைத்த காப்பியைத் தொடவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. எனக்கே பேஜாரா இருக்குது. வீட்ல பொம்பளைங்க கேக்கறாங்க. நூலு நெசம், ஜன்னலு நெசம், அவரு வாய் பேச முடியாதது நெசம், அவுத்தது மட்டும் எப்டிப் பொய்யாவும்னு. கூடப் பொறந்தவரே எழுதியிருக்காரேன்றாங்க. உங்க தம்பி ஒரு வார்த்தை எனக்கு எழுதிக் குடுக்கட்டும். இல்லன்னா மூணாவது ஓலைய நிறுத்த வேண்டியதுதான்."

நான் என்ன சொல்வேன்? உன் அத்தான் உயிர் போனபோது நான் வீட்டில் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவர் படுத்ததிலிருந்து பதினொரு மாதமாக வாசல்படி தாண்டாதவளை, மாதா திருவிழாவுக்குப் போய்த் தேர் பார்த்துவிட்டு வா என்று நீதான் அனுப்பினாய். என் கையிலிருந்த நூலை உன் கையில் கட்டிக்கொண்டாய். நான் திரும்பி வந்தபோது, "இழுக்கவேயில்லக்கா, தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாய்.

பெட்டி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவை அம்மா அப்படி விட்டிருப்பாளோ என்று அவளும் நினைக்கிறாளோ என்னவோ. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வாத்தியாருக்கு உடனே எழுது. எனக்கும் ஒன்று சொல். இழுத்தான், இழுத்தான் என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறாயே. அது உனக்கு எங்கிருந்து வந்தது?

பிரிஜெட்


மதராஸ்
21 ஜனவரி 1937

அக்கா,

நாலு தாள் கிழித்தாகிவிட்டது. இனிச் சுற்றிவளைக்காமல் எழுதிவிடுகிறேன். நூலை அவிழ்த்தது நான்.

அன்றைக்கு உங்கள் மிஷின் மேல் தாளை வைத்து என் முதல் கதையை முடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் இழுத்தார், போய்த் தண்ணீர் கொடுத்தேன். மறுபடி இழுத்தார், தலையணையைச் சரிசெய்தேன். மூன்றாம் தடவை அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். எனக்கு எரிச்சல் வந்தது. திரும்பி வந்து நூலை அவிழ்த்து, பக்கத்தில் காலியாக இருந்த பிரம்பு நாற்காலியில் கட்டினேன்.

கடைசிப் பக்கம் எழுதும்போது அந்த நாற்காலி அசைந்தது. நான் பார்த்தேன், அக்கா. இந்தப் பத்தியை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். இன்னும் இரண்டு தடவை அசைந்தது. அப்புறம் அசையவில்லை. உள்ளே போனபோது நூல் அவர் விரலில் சுற்றிக்கிடந்தது. நீங்கள் வருவதற்குள் மறுமுனையை எடுத்து என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.

பதினொரு வருஷமாக இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினேன். கடைசியில் எழுத வந்தபோதும் ஆண்பிள்ளையாக என் தலையில் போட்டுக்கொள்ளத் தைரியம் இல்லை, ஒரு பெண்ணின் தலையில் போட்டேன். ஊரையும் ஜாதியையும் மாற்றினால் போதும் என்று நினைத்தேன். நூலையும் மாற்றியிருக்கலாம். அது இல்லாவிட்டால் அத்தியாயம் சோபிக்காது என்று வைத்துக்கொண்டேன்.

வாத்தியாருக்கு நடந்ததை நடந்தபடி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு அவரிடம் கொடுங்கள். தொடரை நிறுத்திவிட்டேன். கல்யாணத்துக்கு வரலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

யூஜின்


சூளை
25 ஜனவரி 1937

யூஜின்,

வாத்தியார் உன் கடிதத்தை நின்றபடியே படித்தார். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "இத யாருக்கும் காட்டாதீங்கம்மா. எங்க வீட்ல நான் பேசிக்கறேன்" என்றார். நேற்று மூன்றாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது. ஒருவரும் தடை சொல்லவில்லை.

பெட்டிக்கு நான் எதுவும் சொல்லவில்லை. எல்லாம் கற்பனை என்று நீ எழுதினதாக மட்டும் சொன்னேன். "மாமா எழுதிட்டாராம்மா? எனக்குத் தெரியும், மாமா நம்மள விட்டுக்குடுக்க மாட்டாரு" என்றாள். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். மாமா கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குள் போவேன் என்கிறாள்.

ஆகையால் இது கிடைத்த அன்று ராத்திரி மெயிலுக்கே ஏறி வா. சேலையைக் கொண்டுவந்து கொடு. அவளைப் பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போ. பந்தியில் உனக்கு நானே பரிமாறுகிறேன், நாலு பேர் பார்க்கட்டும். அன்று சாயங்கால மெயிலுக்கே கிளம்பிவிடு. அதற்குப் பிறகு எனக்குக் கடிதம் போடாதே.

உன்மேல் இருக்கிற கோபம் என்றைக்காவது தீரும். எனக்கு என்மேல்தான் வெட்கமாக இருக்கிறது. அவரை விட்டுவிட்டுத் தேர் பார்க்கப் போனேனே என்று மனது அடித்துக்கொள்ளும்போதெல்லாம், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று நீ சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு பதினொரு வருஷம் நிம்மதியாக இருந்தேன். நீ எழுதினது எல்லாவற்றையும் வாசித்திருக்கிறேன், யூஜின். எதையும் நான் அதைப்போல நம்பினதில்லை.

பிரிஜெட்