ஷிப்டு மாற்றிக்கொடுக்காமல் போன அண்ணனுக்கு

என் சண்டைக்கார அண்ணா,

நீ போனபிறகு எனக்குச் சண்டை போட ஆளில்லை. உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. அதை யாரிடம் போய்க் கொட்டுவேன்? அதனால்தான் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நம் ஆபீஸ் அப்படியேதான் இருக்கிறது. அதே மாடி அறை, கீழே வெல்டிங் சத்தம், லாரி எடைமேடைகளுக்காக நாம் எழுதிய அதே புரோகிராம். நாம் மாறி மாறி உட்கார்ந்த கம்ப்யூட்டரும் அதேதான். காலையில் நீ, மதியத்துக்கு மேல் நான். ஆளுக்கொரு லாகின் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு, "ஃபேக்டரில ஒரே மிஷின்ல மூணு ஷிப்டு ஓட்றாங்க, நமக்கு இன்னா வந்துச்சு?" என்று சிரித்தாய்.

அதற்காக நீ ஒரு ஏற்பாடு செய்தாயே, அப்படி வேறு எந்தப் புத்திசாலியும் செய்திருக்க மாட்டான். புரோகிராமில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கிற வெர்ஷன் கண்ட்ரோல், அந்த 'யார்' என்பதை ஒரு கான்ஃபிக் ஃபைலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். அந்த ஃபைலுக்கு ஒரே பெயர்தான். நீ இரண்டு ஃபைல் வைத்தாய். ஒன்றின் பெயருக்கு வாலாக உன் பெயர், இன்னொன்றுக்கு வாலாக என் பெயர். உட்காருகிறவருடைய ஃபைல் வாலை விட்டுவிட்டுப் பொதுப் பெயருக்கு வரும். எழுந்து போகிறவருடையது வாலோடு ஓரமாக நிற்கும். மதியம் எழும்போதே மாற்றிவைத்துவிட்டு, "உன்னுத போட்டுட்டேன், குந்து" என்பாய். நான் ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

அன்றைக்கு மட்டும் நீ அதைச் சொல்லவில்லை. கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. "தல சுத்துது தேவி, நான் ஊட்டுக்குப் போறேன்" என்று ஆரம்பாக்கத்துக்கு ரயில் பிடிக்கக் கிளம்பினாய். காமாலை என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த வாரமே எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். இப்போது காலையும் நான்தான், மதியமும் நான்தான். மாற்றிக்கொடுக்க ஆளில்லாததால் மாற்ற வேண்டும் என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை.

போன வாரம் முதலாளி கூப்பிட்டார். "இன்னாம்மா இது? இம்மா நாளா எல்லாமே உங்க அண்ணன் பேர்லயே ஏறிக்கினு இருக்குது. அந்தப் பொண்ணு பேர்ல ஒண்ணுமே இல்லியே, அத்த எதுக்கு வெச்சிக்கினு இருக்கீங்கன்னு மெட்ராஸ் பார்ட்னர் கேக்குறாரு. உன் ஃபைலைப் போடும்மா. இல்லன்னா என்னால உனக்காகப் பேச முடியாது." நல்ல மனிதர்தான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

போய்த் திரையைப் பார்த்தேன். வரிக்கு வரி உன் பெயர். ரசீதில் தேதி தப்பாக விழுந்ததைச் சரிசெய்தது நீ. நீ இல்லாத முதல் தீபாவளிக்கு மறுநாளே வேலைக்கு வந்ததும் நீ. உன் ஃபைலை அப்போதுதான் முதல்முறையாகத் திறந்தேன். உன் பெயர், மெயில் முகவரி, அதன்கீழ் நீ வைத்துக்கொண்ட சுருக்கச் சொற்கள். 'இன்னா' என்று அடித்தால் எதெல்லாம் மாறியிருக்கிறது என்று அது சொல்ல வேண்டுமாம். கம்ப்யூட்டரிடமும் அப்படித்தான் பேசியிருக்கிறாய், பாவி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. சோற்றில் கை வைத்தபடியே கேட்டாள்: "அப்ப இம்மா நாளா என் புள்ள வேலைக்குப் போய்க்கினுதான் இருந்தானா?" அவள் மேற்கொண்டு சாப்பிடவில்லை.

இன்றைக்கு மாற்றிவிட்டேன். வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான், வேறு வழியில்லை. உன் ஃபைலுக்கு வாலை ஒட்டி ஓரமாக நிறுத்தினேன். என்னுடையதைப் பொதுப் பெயருக்குக் கொண்டுவந்தேன். ஒரு சின்ன திருத்தம் செய்து சேர்த்தேன். என் பெயர் மேலே வந்தது, அதற்கு அடுத்த வரியில் நீ. புதியது சேரச் சேரப் பழையது கீழே இறங்கும் அல்லவா? சாயந்திரத்துக்குள் நான் பார்த்த வேலையே உன்னைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நீ அங்கேயே இருந்திருப்பாய். சும்மா இருந்தால் எங்களுக்குச் சோறு ஏது? இது என்ன நியாயம், அண்ணா? என்னால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் "நாளைக்கு வேலைக்குப் போயிடுவேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். போக வேண்டாம். இனி ஒருநாளும் உன்னை நான் வேலைக்கு அனுப்ப மாட்டேன். சத்தியம்.

இரண்டு ஷிப்டும் தனியாகப் பார்க்கும்
உன் தங்கை,
தேவி