இரண்டாவது முட்டு

இன்று சாயங்காலம் மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவரும் ஓடிவந்து தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். பெரியவன் அழுகையை அடக்கிக்கொண்டு, "இன்னொரு வாட்டி முட்டுடா, இல்லன்னா கொம்பு மொளைக்கும்" என்று தலையைக் குனிந்தான். எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

நமக்குக் கல்யாணமான மறுவருடப் பொங்கல். ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் கபடி. உங்கள் தலையும் எதிரணிக்காரர் தலையும் மோதிய சத்தம் பெண்கள் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்காமல் கிடந்தீர்கள். எழுந்து உட்கார்ந்ததும் கூட்டத்துக்குக் குஷி. "மாமே, கொம்பு மொளைக்கும், இன்னொரு தபா முட்டு!" நீங்களும் சிரித்துக்கொண்டே போய் நன்றாகவே முட்டினீர்கள்.

"ரத்தம் வந்தாத்தான் பயம். என் தல கருங்கல்லாட்டம் கீதுமே" என்றீர்கள். ஊரே அப்படித்தான் நம்பியது.

அதற்குப் பிறகு என்னோடு இருந்தவர் வேறு ஆள். குக்கர் விசிலடித்தால் தட்டு பறக்கும். பக்கத்திலிருக்கும் சேக்காட்டுக்குக் கிளம்பி, எதற்கு வந்தோம் என்று பாதி வழியில் நிற்பீர்கள். வேலை பெர்மனென்ட் ஆனதும் திமிர் ஏறிவிட்டது என்றார்கள். அம்மா என்னை அழைத்துப்போக வந்துவிட்டாள். பெட்டியும் கட்டியாயிற்று.

உங்கள் ஓயாத தலைவலிக்குக் கடைசியாக ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தேன். தலையில் அடிபட்டதா என்று டாக்டர் கேட்டார். "ரத்தமே வரலியே சார்" என்றீர்கள். கபடியை நான்தான் சொன்னேன்.

"டப்பாவுல முட்டைய வெச்சுக் குலுக்குங்க. டப்பா நசுங்காது. உள்ள முட்டை? மூளையும் அப்படித்தான். மொதல் அடியில கலங்கினது தெளியறதுக்குள்ள ரெண்டாவது அடி வேற" என்றார் அவர்.

பஸ் ஸ்டாப்பில் மெதுவாக, "அப்ப நான் கெட்டவன் இல்லியா, மே?" என்று கேட்டீர்கள். அத்தனை பேர் பார்க்க அழுதேன்.

பெட்டியை அவிழ்த்தேன். முழுதாகக் குணமாகவில்லைதான். கோபம் ஏறும்போது தலையைத் தொட்டுக் காட்டுவீர்கள். நான் அடுப்பை அணைப்பேன். அந்தச் சைகையை வைத்துக்கொண்டே கடைசிவரை குடித்தனம் நடத்தினோம்.

இன்று குனிந்த அந்த இரண்டு தலைகளுக்கும் நடுவில் கையை வைத்துவிட்டேன்.

"கொம்பு மொளைச்சிடுமே ஆன்ட்டி" என்றான் சின்னவன்.

"மொளைச்சா மொளைக்கட்டும்டா" என்றேன்.