ஓர் அரசருக்கு ஐந்து இருக்கை வாய்த்த வரலாறு சொல்லும் ஓலை

மங்கலம் நிறைக. முத்தும் உப்பும் ஒருங்கே விளையும் பவளக்கரை நாட்டின் பட்டத்தரசியார், பகைவர் வரினும் பந்தி மறாத பெருமாட்டியார், மஞ்சாடி வேந்தரின் ஒரே தங்கையார், மணிநங்கையார் திருமுன்பு, மஞ்சாடி நாட்டு ஓலைநாயகன் இளந்தத்தன் எட்டு உறுப்பும் நிலம் தோய வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கடலில் மீன் பெருகுக. தங்கள் தொட்டிலில் உறக்கம் பெருகுக. இவ்விடம் அரசர் நலம், யானைகள் நலம். ஓலைநாயகன் மட்டும் சற்று நலக்குறைவு. அதன் காரணம் சொல்லவே இவ்வோலை.

வருகிற வளர்பிறை ஏழாம் நாள் முற்பகலில் இளவரசி நித்திலையார்க்குக் காது குத்துவது என்றும், தாய்மாமன் மடி வராமல் ஊசியைத் தொட எவரையும் விடமாட்டேன் என்றும் தாங்கள் சொல்லி அனுப்பியது கேட்டு அரசர் மகிழ்ந்தார். இடையில் பெருங்கடல் கிடப்பதால், விமானத்தில் இடம் பிடிக்குமாறு ஓலைநாயகனுக்குக் கட்டளையாயிற்று. நேரே விமானக்காரரிடமே கேள் என்று அவையோர் சொன்னார்கள். இளந்தத்தனோ கத்தரிக்காயைக் கூடப் பேரம் பேசாமல் கையில் எடுக்காத குடியில் பிறந்தவன். சல்லிசாகச் சீட்டு விற்கும் பறவைக்கூலி என்னும் வலைத்தளத்தை நாடினான். அதன்பின் விளைந்தது யாவும் அவன் சொந்த உழைப்பு.

பயணியின் பெயர் எழுத அத்தளத்தில் இருந்தது ஒரு சிறு கட்டம். அலைவென்றான் யானையழகன் குடிதாங்கி பகைநடுக்கி இளவேட்டன் என்னும் அரசர் பெயரை, ஒரு விருதும் குறையாமல் எழுதுவதே ஓலைநாயகர் ஒழுக்கம். குறைத்தவன் கை குறையும் என்பது பழைய சட்டம். முதல் விருது ஏறியதுமே கட்டம் நிரம்பிவிட்டது. பக்கத்தில் ஒரு கூட்டல் குறி மின்னிற்று. நெடும்பெயர் உடையோர்க்கு இடத்தைக் கூட்டிக் கொடுக்கிறார்கள், என்ன பெருந்தன்மை என்று வியந்து, அதை நான்கு முறை அழுத்தினான் இளந்தத்தன். அது இன்னொரு பயணியைச் சேர்க்கும் குறி என்பது, ஐந்து சீட்டுகள் வந்து விழுந்தபோதுதான் விளங்கிற்று.

மலிவான இருக்கை எங்கே கிடந்ததோ அங்கே ஒவ்வொரு விருதையும் ஏற்றியிருந்தார்கள். அலைவென்றானுக்குப் பவளக்கரைக்குப் பதிலாகப் பவளக்காடு. அங்கே அலை என்ன, குளம் கூட இல்லை. யானையழகனுக்கு எட்டாம் நாள். குடிதாங்கிக்கு ஒன்பதாம் நாள். பகைநடுக்கி மூன்று நாடு சுற்றிப் பதினொன்றாம் நாள் வந்து சேர்வார். விருது ஏதுமற்ற இளவேட்டன் என்னும் வெறும் பெயருக்கு மட்டும் ஏழாம் நாள் விடியலில் நேரே பவளக்கரை. இருக்கையோ கடைசி வரிசையில், கழிப்பறைக்கு அண்டை வீடு.

இளந்தத்தன் தளத்தாரைத் தொலைபேசியில் அழைத்தான். ஒரே யாழ்ப்பாட்டை முப்பது முறை கேட்டபின் கயல்மணி என்னும் நங்கை பேசினாள். ஐவருக்கும் பிறந்தநாள் ஒன்றாக இருக்கிறதே, ஒரே பேற்றில் ஐந்து பிள்ளை பெற்ற அந்தத் தாய்க்கு என் கும்பிடு என்றாள். ஐவரும் ஒருவரே அம்மா என்றான் இவன். ஒருவர் எப்படி ஐயா ஐந்து இருக்கையில் உட்காருவார் என்றாள். பெரியவர்தாம், அவ்வளவு பெரியவர் அல்லர் என்று இவன் ஒப்புக்கொண்டான். மடி, ஊசி, மருமகள் எல்லாம் கேட்டு அவள் குரல் இளகிற்று. ஆயினும் சட்டம் இளகவில்லை. ஏழாம் நாளுக்கு வேறு இருக்கை எந்த விமானத்திலும் இல்லை. சீட்டில் பெயர் மாற்ற இயலாது. ஐவரும் ஒரே குழுவாதலால், நாளை மாலைக்குள் ஐந்து முகங்கள் ஐந்து அடையாளச் சீட்டுடன் உறுதி கூறாவிடில் ஐந்தும் செல்லா. பெயரை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை ஐயா, உங்கள் ஊரில் யாருக்காவது இருந்தால் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இளந்தத்தன் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே அரசர் முன் சென்று உள்ளதை உரைத்தான். ஏழாம் நாள் போவது எந்தப் பெயர் என்று அரசர் வினவினார். வெறும் இளவேட்டன், பெருமானே என்றான். அரசர் தம் முடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பின்பு, முடி சூடிய இந்தப் பதினோராண்டில் அந்தப் பெயரைச் சொல்லி என்னை அதட்டுகிறவள் தங்கை ஒருத்திதானே, அவளைப் பார்க்கப் போகிறவனுக்கு மற்ற நான்கும் எதற்கடா தத்தா என்றார். சீட்டில் பெயர் மாறாவிட்டால் போகட்டும், ஆளுக்குப் பெயர் வைக்க அரசனால் முடியாதா என்று சிரித்து, அப்போதே அவை கூட்டினார்.

அவ்வாறே, தோணியைக் கண்டாலே குமட்டும் மடைப்பள்ளி மாசாத்தனார் அலைவென்றான் ஆனார். ஒட்டடைக்கோல் போன்ற பூக்கட்டி நல்லக்கன் யானையழகன் ஆனார். குடிதாங்கி விருதை மத்தளம் வாசிக்கும் ஏனாதியார் தாமே முன்வந்து கேட்டுப் பெற்றார். அவர் தகுதியை அவையில் எவரும் மறுக்கவில்லை. எலியைக் கண்டு ஏணி ஏறும் இளந்தத்தனுக்குப் பகைநடுக்கி என்று பட்டம் கட்டியபோது, அரசமாதேவியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சீட்டில் உள்ள பெயரும் பிறந்தநாளும் எழுதி அரசரே இலச்சினையிட்ட புது அடையாளச் சீட்டுகளோடு ஐந்து முகமும் காட்டியாயிற்று; ஐந்தும் உறுதியாயின. வாழ்த்துகள் பகைநடுக்கி ஐயா என்று கயல்மணியே செய்தி விடுத்தாள்.

ஆகவே பெருமாட்டியார் அறிந்தருள வேண்டுவது: மாமன் சீர் நான்கு தவணையாய் வரும். பட்டு எட்டாம் நாள், வளையல் ஒன்பதாம் நாள், பலகாரம் பவளக்காட்டிலிருந்து மாட்டுவண்டியில். வெள்ளிக் கிலுகிலுப்பை ஓலைநாயகனுடன் ஊர் சுற்றி வரும். அதற்குள் இளவரசியார்க்குப் பல் முளைத்துவிட்டால் பொறுத்தருள்க.

ஏழாம் நாள் விடியலில் விமான நிலையத்துக்கு முரசும் குடையும் அனுப்பற்க. வாயிற்காவலர் பெயர் கேட்டால் அவர் ஒற்றைப் பெயரே சொல்வார். முன்னும் பின்னும் என்ன என்று அவரைத் தடுக்கற்க. கால் மரத்து, முடி கலைந்து, வெறுங்கையோடு ஒருவர் இறங்குவார். தாங்கள் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி, வழக்கம்போல் ஏன் இவ்வளவு தாமதம் என்று அதட்டியருள்க. அவர் கேட்டுக்கொண்டது அது ஒன்றே.

மஞ்சாடிக்கொத்து இலச்சினை இட்டு, அரசர் வாய்மொழிப்படி எழுதி, பகைநடுக்கியாகிய இளந்தத்தன் கைந்நாட்டு. இது கண்டவுடன் செய்யத்தக்கது: தட்டாரை ஊசியைத் தீட்டி வைக்கச் சொல்லுக. மடி புறப்பட்டுவிட்டது.