பின்வரிசைக்கு எட்டாத வசனம்

என் செல்லச் சேதுவுக்கு,

இன்று காலை எழுந்ததும் காப்பிகூடப் போடாமல் மாட்டுங்கா மைதானத்துக்குப் போய், நாடக மேடை போடும் இடத்தில் நின்று கைதட்டினேன். எதிரே எழும்பியிருக்கும் புதுக் கட்டடத்தின் சுவரிலிருந்து சத்தம் திரும்பி வருகிறது. போன வருஷம் அந்தச் சுவர் இல்லை. ஸ்பீக்கர்களை இந்த முறை சற்றுத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "க்யா ஹுவா, பாயி?" என்று, என்ன ஆயிற்றென விசாரித்தார். இன்னொரு தடவை தட்டிக் காட்டினேன்.

நாடகக் கம்பெனி இந்த வருஷமும் வந்துவிட்டது. அதே ஐந்து நாடகங்கள், தினம் ஒன்றாக மாற்றி மாற்றி. நீ இல்லாமல் மைக் செட்டை யார் பார்ப்பது என்று சபாவில் பேச்சு. கோட்டைப் பக்கத்து ரேடியோக் கடைக்காரர் ஒருவரை அழைத்து வந்தார்கள். நான்கு குழாய் ஸ்பீக்கர்களையும் மேடையிலேயே கட்டிச் சத்தத்தை முழுசாக ஏற்றிவிடலாம் என்கிறார். முன்னால் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், பின்னால் வெறும் இரைச்சல்தான் வரும் என்றேன். "மாமி, இது எலெக்ட்ரிக் சமாசாரம்" என்று சிரித்தார்.

நீ இரண்டை மேடையிலும் இரண்டை மைதானத்தின் நடுவிலும் கட்டி, அவற்றின் வாயைக் கூட்டத்தை நோக்கிச் சரிப்பாய். ஆனால் மேடையோரம் ஆம்ப்ளிஃபையரோடு உட்கார்ந்திருக்கும் உனக்கு, கூட்டத்துக்கு என்ன கேட்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் நான். பெண்கள் பக்கம், கடைசி வரிசையில், கையில் டார்ச்சோடு. ஒரு தடவை மின்னினால் சரி. இரண்டு தடவை மின்னினால் ஏற்று.

சேது, உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன வருஷத்துக் கடைசி நாடகம். தாய் சாகும் கட்டம்; மகனிடம் முணுமுணுப்பாக ஒரு வரி சொல்வாள். காற்று திசை மாறியிருந்தது. ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. டார்ச்சை ஒரு தடவைதான் மின்னவிட்டேன். உடனே பக்கத்திலிருந்த வடிவு, தாராவியிலிருந்து நடந்தே நாடகம் பார்க்க வருவாளே, அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏம்மா, அந்தப் பொம்பள என்னத்தச் சொல்லிட்டுச் செத்தா? வாயி அசைஞ்சுது, ஒண்ணும் வெளங்கலயே!"

"மவனத் திட்டிருப்பா, வேற என்னத்தச் சொல்லுவா" என்றாள் அவளுக்கு அப்பால் இருந்தவள். வரிசையே சிரித்தது, அழ வேண்டிய இடத்தில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து நாடகங்களின் வசனத்தையும், குரல் எங்கே தாழும் என்று குறித்து, உனக்காக நோட்டில் எழுதித் தந்தவள் நான்தானே. நடிகையின் வாய் அசைய, வசனத்தை எனக்குள் நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்; எனக்குக் கேட்டது அதுதான்.

வடிவுக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. நாடகம் முடிந்து நீ ஓடிவந்தாய். "அக்கா, கடைசி வரைக்கும் கேட்டுதோல்லியோ?" "கணீர்னு கேட்டுதுடா" என்றேன். உன் முகத்தில் அத்தனை சந்தோஷம். அடுத்த மாதமே ஜுரத்தில் போய்விட்டாய். உண்மையைச் சொல்லியிருந்தால் வருந்தியிருப்பாயா? இல்லை, ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாயா?

அந்தக் கட்டம் பின்னால் கேட்பதில்லை என்று கம்பெனி மேனேஜரிடம் நேற்றுச் சொன்னேன். "அந்தம்மா சத்தமாச் சொல்லிட்டுச் சாகட்டுமே!" என்கிறார். கத்திக்கொண்டு யாராவது சாவார்களா? நீ கடைசியாகப் பேசியதை நான் குனிந்துதானே கேட்டேன்.

இனி எழுதுவதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. யுத்தத்தின்போது வால்வு தேடி ஊரெல்லாம் அலைந்து நீ காப்பாற்றிய ஆம்ப்ளிஃபையர் பெட்டி நம் வீட்டில்தான் இருக்கிறது. கடைக்காரரிடம் தரப்போவதில்லை. மேடையோரம் நானே உட்காரப்போகிறேன். எதற்கு மேல் ஏற்றினால் மைக் ஊளையிடும் என்று குமிழருகே நீ போட்ட பென்சில் கோடு அழியவில்லை. சபாக்காரர்கள் சொல்வதைச் சொல்லட்டும்.

டார்ச்சை வடிவின் கையில் கொடுப்பேன். அந்தத் தாய் என்ன சொன்னாள் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அவள் இரண்டு தடவை மின்னவிட்டால் ஏற்றுவேன். எனக்குக் கேட்கிறதே என்று வாதாட மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு, சேது.

உன்னிடம் ஒரே ஒரு பொய் சொன்ன
உன் அக்கா,
விசாலம்