கலையாத சந்தனப் பொட்டு

அப்பாவுக்கு, ஓமனிலிருந்து சபரீஷ் எழுதுவதுங்க. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததுங்களா?

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆயுத பூஜைக்கு நம் கணபதி பட்டறையில் செய்வதுபோல இங்கே நான் வேலை பார்க்கும் பாலைவன முகாமின் மணலில் ஓடும் வண்டியைப் பம்பு வைத்துக் கழுவிப் பொட்டு வைத்தேன். இன்ஜின் காற்று இழுக்கும் குழாயை மூட மறந்துபோனேன். அங்கே என்றால், "வாயக் கட்டுனியா கண்ணு?" என்று கேட்டிருப்பீர்கள். இங்கே கேட்க ஆளில்லை.

ஏர் ஃபில்டர் நனைந்து, மறுநாள் நடு மணலில் வண்டி நின்றது. ஓட்டிப்போன ஷஃபீக் பாய் நடந்தே திரும்பினார். பயப்படாதீங்க, அவருக்கு ஒன்றுமில்லை. மேலாளர் கேட்டபோது, பாய் ஓடைத் தண்ணீரில் இறக்கியிருப்பார் என்று சொல்லிப்போட்டேனுங்க. ஆனால் வண்டியின் முகப்பில் சந்தனம் தண்ணீர் படாமல், கலையாமல் இருந்தது. பாய் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டிச் சாவியை மேலாளரிடம் கொடுத்துவிட்டார். அவரைச் சமையல்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அம்மாவிடம் சொல்லாதீங்க. ஊரிலிருந்து இங்கே வரும் ஆளிடம் நம் வீட்டுக் கச்சாயப் பலகாரம் இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்புங்க. ஒன்றின்மேல் பாய் பெயரை உங்கள் கையால் எழுதுங்க. அப்போதாவது அவர் முன்னால் போய் நிற்பேன்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது, நிறுத்துகிறேன். என் தட்டையும் அவர்தான் கழுவுகிறாருங்க.

சபரீஷ்