அந்த மூன்று அங்குலம் பற்றி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இனிமேல் கடிதத்தில் குட்டி என்று கூப்பிடாதே என்று சொல்லிவிட்டாய், அதனால் மகன் என்றே எழுதுகிறேன், கை பழக வேண்டும். இங்கே அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் உன் இரண்டு காலில் நல்லபடியாக நடமாட ஆண்டவனைக் கேட்டுக்கொள்கிறேன். இத்தனை வருடமாக இந்த வேண்டுதலை வாய்ப் பழக்கத்தில் சொல்லிவந்தேன், இந்த வாரம்தான் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்கிறேன்.

வீட்டுச் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, அப்பா ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றிவிடுகிற பம்ப் அறையில் வேலை பார்க்கிறார், ஆனால் சொந்த வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்ற அவருக்கு நேரம் இல்லை. கீழே பாத்திரம் வைத்திருக்கிறேன், நிறைந்தால் துடைக்கிற துணியை அலசிக்கொள்கிறேன், வீணாக்கவில்லை. உயரம் கூட்டக் காலை நீட்டிக்கொள்ளப் போகிற உன் விஷயத்தை அவரிடம் எடுத்துச் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அவன் காலு, அவன் பாடு என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றச் சொன்னார். முப்பத்தைந்து வருடமாக இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன், ஒரு முடிவுக்காவது எனக்குத் துணை நின்றிருப்பார் என்கிறாயா, இல்லை. பிறகு மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போனவர் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார், அதையும் பார்த்தேன். வாயைத் திறந்து சொன்னால் என்னவாம்.

நீ அனுப்பிய ஆஸ்பத்திரித் தாள்களை உன் அக்கா அச்செடுத்துக் கொடுத்தாள். நான் படித்தேன். அம்மாவுக்கு என்ன புரியப்போகிறது என்றுதான் நினைத்து அனுப்பியிருப்பாய். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதத்தையும் மிக்ஸி உத்தரவாதச் சீட்டையும் அகராதி வைத்துப் படித்து நானாகக் கற்றுக்கொண்ட ஆங்கிலம் இது, மெதுவாகத்தான் போகும், ஆனால் ஒரு வரியைத் தாண்டிப் போகாது. நன்றாக இருக்கிற எலும்பை இரண்டு காலிலும் வெட்டுவார்களாம். வெளியே இரும்பு வளையங்களை மாட்டி, அதிலிருந்து கம்பிகளை எலும்பு வரைக்கும் செருகி, தினமும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்களாம், அந்த இடைவெளியில் புது எலும்பு வளருமாம். இப்படி மூன்று அங்குலம். அதற்குப் பிறகு எலும்பு கெட்டிப்படுகிற வரை மாதக்கணக்கில் அதே கம்பிகளோடு கிடக்க வேண்டும். பழையபடி நடக்கலாம் என்று போட்டிருக்கிறது, ஓடலாம் என்று போட்டிருக்கிறது, நரம்பு மரத்துப்போகலாம், கம்பி போகிற இடத்தில் சீழ் பிடிக்கலாம், கணுக்கால் இறுகிப்போகலாம். எல்லாமே லாம். அந்தத் தாள்களில் அவர்கள் உறுதியாகச் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்றுதான், கட்டிய பணம் எந்தக் காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது என்று. செலவைப் பற்றி நான் பேச வரவில்லை, அது நீ உழைத்துச் சேர்த்தது, உன் இஷ்டம். ஆனால் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான், ஒரு கிலோ பருப்பு வாங்கினால்கூட வீட்டுக்கு என்ன வந்தது என்று பார்க்கிற புத்தி எனக்கு. இதில் என்ன வரும் என்று எவ்வளவு பார்த்தாலும் பிடிபடவில்லை.

ஆண்டவன் கொடுத்த உடம்பில் கை வைக்கலாமா என்று அக்காவிடம் அழுதேன். அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டே என் வாயை அடைத்துவிட்டாள். “என் பல்லு முன்னால நீட்டிக்கிட்டு இருக்குன்னு எட்டாவது படிக்கிறப்பவே கம்பி போட்டுவிட்ட. அப்ப மட்டும் ஆண்டவன் குடுத்த பல்லுன்னு விட்டுட வேண்டியதுதானே?” என்று கேட்டாள். பல்லும் காலும் ஒன்றா என்று கத்தினேன், அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். பூஜை அறையில் போய் உட்கார்ந்தேன், அங்கேயும் அவள் கேட்டதுதான் காதில் ஓடியது. உன் பக்கம் பேசுகிறாளே என்று சந்தோஷப்படாதே, வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

சரி, படித்தால் மட்டும் போதாது, கண்ணால் பார்ப்போம் என்று பின்தெரு லாரிக்காரர் வீட்டுக்குப் போனேன். உனக்கு அவரைத் தெரியாது, நீ வெளிநாடு போன பிறகு குடிவந்தவர்கள். போன வருடம் விபத்தில் அவருக்கு இடது கால் எலும்பு நொறுங்கி, கெட்ட துண்டை எடுத்ததில் கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. அதை நீட்டுவதற்கு நீ எழுதியிருக்கிற அதே வளையத்தைத்தான் மாட்டியிருக்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த மனிதர் படுகிற பாட்டைப் பார்த்து வந்து உனக்கு எழுதிப் பயமுறுத்தலாம் என்றுதான் போனேன். முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார், காலைச் சுற்றி அந்த இரும்புக் கூடு, மேலே ஒரு துண்டு போர்த்தி, துண்டின் மேல் டிவி ரிமோட். வாங்கக்கா, எங்க வீட்டுக் கம்பி வேலியப் பாக்க வந்தீங்களா என்று சிரித்தார்.

அவர் மனைவி சொன்ன கதையைக் கேள். டாக்டர் சொன்னபடி அவள்தான் சின்ன ஸ்பேனரை வைத்து வேளை தவறாமல் நட்டைத் திருப்பிவிடுவாளாம். அவள் தண்ணீர் பிடிக்க அந்தப் பக்கம் போனதும் இவர் எல்லா நட்டையும் ஒரு சுற்று இறுக்கி வைத்துவிடுவாராம். படம் எடுத்துப் பார்த்தால் எலும்பு நகரவே இல்லை, வெட்டின இடம் திரும்பக் கூடிவிட்டது, டாக்டர் அவளைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். திரும்பவும் வெட்டி முதலிலிருந்து ஆரம்பம். “சக்கரத்துல நட்டு ஆடினா முடுக்கிட்டுத்தான் வண்டிய எடுப்பாரு. காலையும் லாரின்னு நெனச்சுட்டாரு” என்று அவர் முன்னாலேயே சொன்னாள். அவர் வெட்கப்படவே இல்லை, ஆடுற நட்டப் பாத்துக்கிட்டு எப்படிடி தூங்குறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும் போனது, ஏனென்றால் நீயும் அதே ஜாதிதான். லிஃப்டு மெக்கானிக், தளர்ந்த நட்டைக் கண்டால் உன் கையும் சும்மா இருக்காது. போன தடவை வந்தபோது உட்காரச் சொன்ன நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து முடுக்கியவன் நீ.

என் பையனும் இதை மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று சொன்னதும் அவள் என் கையில் ஸ்பேனரைக் கொடுத்து, பையனுக்குச் செய்யணும்னா பழகிக்குங்க என்றாள். நான் திருப்பினேன். கால் சுற்று. ரத்தம் இல்லை, சத்தம் இல்லை, குழாய்த் திருகைவிட லேசாகத் திரும்புகிறது. அவர் அப்போது டயர் விலை ஏறினதைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தார், பேச்சு ஒரு இடத்திலும் நிற்கவில்லை, ஆனால் மற்றக் காலின் விரல்கள் படுக்கை விரிப்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டன. அதைப் பார்த்த பிறகு அவர்கள் கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டேன். அந்த நட்டைத்தான் உனக்குத் திருப்பிவிட நான் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். செய்துகொள்ளட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, டிக்கெட் எந்த மாதத்துக்குப் போடட்டும் என்று கேட்டிருக்கிறாய். போனில் கேட்டால் உனக்குப் புரியாதும்மா என்று வைத்துவிடுகிறாய். புரியாதவளிடம்தான் ஸ்பேனரைக் கொடுப்பாயா?

சரி, இவராவது உன் பக்கம் தப்பு என்று சொல்லட்டும் என்று, நீ எதற்காகச் செய்துகொள்கிறாய், என்ன வேலை பார்க்கிறாய் என்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “ரெண்டு அங்குலம் கொறஞ்சு நின்னப்பதான் எனக்கே தெரிஞ்சுதுக்கா. மூஞ்சியப் பாக்கறதுக்கு முந்தி காலப் பாக்கறாங்க. உங்க பையன் எத்தன வருஷமாப் பொறுத்துக்கிட்டு இருக்கானோ” என்றார். எனக்கு யார் மேல் கோபம் வந்தது என்றே தெரியவில்லை. ஆள் தேடிப் போன இடத்தில் அவரும் உன் கட்சி. கிளம்பும்போதுதான் இன்னொன்றும் சொன்னார், எனக்குக் கிளட்ச் மிதிக்க வந்தாப் போதும், அதுவே வருமான்னு டாக்டர் வாயத் தொறக்கல, உங்க பையனுக்கு ஏணி ஏறணுமேக்கா என்று. இதை நீ தள்ளிவிடாதே. அந்த மனிதருக்கு வேறு வழி இல்லை, உனக்கு இருக்கிறது.

நீ எழுதினதை நான் மறக்கவில்லை. புதுக் கட்டிடத்துக்கு வேலைக்குப் போனால் வாசல் காவல்காரன் உன் தலைக்கு மேலாகப் பார்த்து, உன் உதவியாளிடம் வாங்க சார் என்று சொல்லி, உன்னிடம் பையைத் தூக்கச் சொன்னான் என்று எழுதியிருந்தாய். சீருடையில் உன் பெயருக்குக் கீழே தலைமை மெக்கானிக் என்று போட்டிருந்தும் அவன் படிக்கவில்லை. அந்த வரியை வாசித்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை. எனக்குப் புரியவில்லை என்று நினைக்காதே. ஆனால் ஒன்று கேட்கிறேன், எரிச்சலில்தான் கேட்கிறேன், மூன்று அங்குலம் கூடினாலும் அந்த உதவியாள் உன்னைவிட உயரம்தானே. அப்போது என்ன செய்வாய், இன்னொரு தடவை வெட்டுவாயா? அந்தக் கட்டிடத்தில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டபோது இருட்டுக் குழிக்குள் ஏணியில் இறங்கி அவர்களை வெளியே கொண்டுவந்தவன் நீ என்றும் அதே கடிதத்தில்தான் எழுதியிருந்தாய், ஏதோ போகிற போக்கில். நாளைக்குக் கணுக்கால் மடங்கவில்லை என்றால் அந்த ஏணியில் யார் இறங்குவது? உனக்கு மதிப்புத் தருகிற ஒரு இடம் அதுதான், அதை அடகு வைத்து வாசலில் மதிப்பு வாங்கப் போகிறாயா? இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் வார்த்தை தேடினேன், போனில் வராமல் போயிற்று.

ஆகையால் நீ செய்ய வேண்டியது, அந்த டாக்டரிடம் போய், நடப்பேனா ஓடுவேனா என்று கேட்காதே, முப்பது மாடி லிஃப்டுக் குழியில் கையில் சாமானோடு ஏணி ஏறி இறங்குவேனா என்று கேள். லாம் என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடு. முதலாளியிடமும் கேள், ஒரு வருடம் வரமுடியாவிட்டால் உன் இடம் இருக்குமா என்று. இதைக்கூடக் கேட்காமலா முன்பணம் கட்டப் போகிறாய்? நாற்காலி வாங்கினாலே நாலு கடை ஏறி இறங்குகிற வீட்டில் பிறந்தவன் நீ.

நீ கேட்காத கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். செய்துகொள்ளாதே. அம்மா அழுகிறாள் என்றோ, ஆண்டவன் கோபித்துக்கொள்வான் என்றோ அல்ல, தாளைப் படித்துப் பார்த்து, நேரில் போய்ப் பார்த்து, கையால் திருப்பிப் பார்த்துச் சொல்கிறேன். இதற்கு மேல் கெஞ்ச மாட்டேன், முப்பத்தொரு வயது ஆளிடம் எவ்வளவு கெஞ்சுவது. நீ கேட்ட கேள்விக்கும் பதில் சொல்கிறேன். இன்று காலையில் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்துவிட்டு வந்தேன், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அங்கே இருந்த பெண், எதற்காகப் போகிறீர்கள் அம்மா என்று கேட்டாள், மகனைப் பார்க்க என்றேன். அதற்குமேல் எனக்கும் தெரியவில்லை. நீ படுக்கையில் கிடந்தாலும் வருவேன், இல்லை என்று முடிவு செய்து ஏணியில் நின்றாலும் வருவேன், டிக்கெட்டை மட்டும் ஆபரேஷன் தேதிக்கு ஒரு மாதம் முந்திப் போடு. வந்து உன்னைப் பார்த்துவிட்டு இதே வார்த்தையை முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். அதற்குப் பிறகும் நீ செய்துகொள்வதாக இருந்தால் ஸ்பேனரை என் கையில் கொடு, வேறு யாரிடமும் கொடுக்காதே, திட்டிக்கொண்டே திருப்புவேன், ஆனால் சரியாகத் திருப்புவேன்.

வெறும் வயிற்றில் வேலைக்கு ஓடாதே. இருட்டுக் குழிக்குள் இறங்குமுன் பெல்ட்டைப் பார்த்து மாட்டு. ஆண்டவன் உன் காலடியைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ எங்கே நின்றாலும் நிலையாக நிற்க வைக்கட்டும். டாக்டர் சொன்ன பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது, உன் வார்த்தையில் வேண்டாம்.

கோபம் தீராத,
உன் அம்மா