புளியமரத்து மேற்கு நிழல்

1915 மார்ச் 3, புதன்

இன்றைக்கும் ஜெபராணி மைனி கால்வாய்க் கரையில் வழுக்கி விழுந்தாள். குடம் ஒரு பக்கம், மைனி ஒரு பக்கம். நான் ஓடிப்போய்க் குடத்தைப் பிடித்தேன். "குடம் புதுசுல்லா மைனி, நீங்க பழசுதான" என்றேன். சேற்றை அள்ளி என் மேல் எறிந்தாள். சிரித்தோம். ஆனால் முழங்கை வீங்கிவிட்டது. போன ஐப்பசியில் இதே இடத்தில் விழுந்த நம் தெரு இன்பமணி இன்னும் நிமிர்ந்து நடக்கவில்லை.

நாலு கல்படி போட யூனியன் பஞ்சாயத்துக்கு என்ன கேடு? பஞ்சாயத்தில் நம் தெருவுக்கு இருப்பது யார்? என் கூடப்பிறந்த அண்ணன் சாலமோன். மைனியின் புருஷன்! கேட்டால், "பொம்பளைகதான் பாத்து நடக்கணும்" என்கிறான்.

மார்ச் 7, ஞாயிறு

கோயில் முடிந்து வரும்போது என் வீட்டுக்காரர் பைய ஒரு குண்டைப் போட்டார். எலெக்சனில் அண்ணனை எதிர்த்து நிற்கப் போகிறாராம். படித்துறை கட்டித் தருகிறேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்கப் போகிறாராம். பாக்கியசீலன் என்று பேர் சொல்லவே கூச்சப்படுகிற மனுஷன்!

"ஒங்க ஓட்டாவது ஒங்களுக்கு விழுமா?" என்றேன்.

"நீ கேலி பண்ணாம இருந்தா விழும்."

மார்ச் 10

இவருக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனேன். எங்களுக்கு ஓட்டு கிடையாது. வீட்டுத் தீர்வை கட்டுகிற ஆம்பளைகளுக்குத்தான். அவர்களுக்கும் படி வேண்டும். ஆனால் ஓட்டுப் போடுகிற விதம் அப்படி - சாவடிப் புளியமரத்துக்கு மேற்கே ஒருத்தர் ஆட்கள், கிழக்கே மற்றவர் ஆட்கள் போய் நிற்க வேண்டும். அதிகாரி தலையை எண்ணுவார். அண்ணன் அங்கனயே உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான்.

மாடக்கண்ணு தலையைச் சொறிந்தான். "படி வேணுந்தான் தாயி. எம்மவ கல்யாணத்த முன்ன நின்னு நடத்துன அண்ணாச்சியாச்சே. அவிய மூஞ்சியப் பாத்துக்கிட்டே அந்தப் பக்கம் எப்படிப் போவேன்? ஒரு சாக்கு வேணும்லா?"

சாக்குக்கு நான் எங்கே போவேன்?

மார்ச் 17

நாளைக்கு எலெக்சன். அண்ணன் காலையிலேயே மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு, மேற்குப் பக்கம் தனக்கென்று கேட்டு வாங்கிவிட்டான். எலெக்சன் ஒன்பது மணிக்கு; அப்போது நிழலெல்லாம் மேற்கேதான் விழும். கிழக்கே வெயிலில் எவன் நிற்பான்? என் வீட்டுக்காரரோ "சரி மச்சான்" என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். நல்ல சீலன்!

மார்ச் 18

சிரித்துச் சிரித்து விலா நோகிறது, ஆனாலும் எழுதாமல் படுக்க முடியாது.

பாளையங்கோட்டையிலிருந்து அதிகாரி வண்டியில் வந்து இறங்கினார். நம்மைப் போலக் கிறிஸ்து வேதக்காரர், நல்ல தொப்பை. அண்ணன் விடுவானா? "மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க, எலெக்சன் எங்க போயிரும்" என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். எல்லாம் தன் பவிசைக் காட்டத்தான். பரிமாற நானும் போயிருந்தேன். கோழி, ஆட்டுக்கறி, ரசம், மோர். மனுஷன் கை கழுவ எழுந்தார்.

"இருங்க அய்யா, உளுந்தங்களி கிண்டப் போறேன்" என்றாள் மைனி.

இனிமேல்தான் கிண்டப் போகிறாளா! நான் அடுக்களைக்கு ஓடினேன். அடுப்பே மூட்டவில்லை. மைனி விறகை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "ஏட்டி சாரா, நெழல் எங்கன வந்திருக்குன்னு பைய எட்டிப் பாரு."

கர்த்தரே! அங்கேயே முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

களியைத் தின்ற அதிகாரி நாற்காலியிலேயே கண்ணசந்துவிட்டார். அண்ணன் கனைத்துப் பார்த்தான், செம்பை உருட்டிப் பார்த்தான். எழுப்பி அழைத்துப் போவதற்குள் உச்சி சாய்ந்து, நிழல் மொத்தமும் கிழக்கே போய்விட்டது. மேற்கே அண்ணன் வெயிலில்.

மாடக்கண்ணுதான் முதலில் துண்டைத் தலையில் போட்டான். "யப்பா, என்ன வெயிலு! அண்ணாச்சி, கொஞ்சம் அங்கிட்டு நிக்கேன்." அடுத்தவனுக்குத் தலைச்சுற்றல். இன்னொருத்தனுக்குக் காலில் செருப்பில்லை. உழவுக்காட்டில் நாள் முழுக்க நிற்கிற ஆட்கள்! அண்ணனோடு நின்றவர்கள் அவன் சம்பந்தியும் வண்டிக்காரனும்தான். அதிகாரி தலையை எண்ணவே இல்லை, இவர் பேரை எழுதிக்கொண்டார்.

மார்ச் 21

கோயிலில் அண்ணன் என்னைப் பார்க்காமல் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினான். புத்தகம் தலைகீழாக இருந்தது. நான் சொல்லவில்லை. சரி, என் மனசும் கொஞ்சம் கஷ்டப்பட்டது.

மே 11

கால்வாயில் தண்ணீர் அடைத்தாயிற்று. படித்துறைக்குக் கல் வந்து இறங்கியது.

ஜூன் 6, ஞாயிறு

தண்ணீர் திறந்துவிட்டார்கள். மைனி குடத்தோடு ராணி மாதிரி படியிறங்கினாள். இன்பமணியும் என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படி வரைக்கும் வந்து காலை நனைத்தாள்.

மேல் படியில் அண்ணன் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். "கல்லு நல்ல கல்லுதான்" என்றான், தண்ணீரிடம் சொல்வதுபோல. கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்குப் பிறகு என் காதில் விழுந்த அவனுடைய முதல் பேச்சு.

பிறகுதான் தெரிந்தது. சாவடி முற்றத்தில், மேற்கு ஓரமாக ஒரு புங்கங்கன்று நட்டு முள்வேலி கட்டியிருக்கிறான். "அடுத்த எலெக்சனுக்குள்ள வளந்து நெழல் குடுக்கும்லா" என்று இவரிடமே சொன்னானாம். இவரும் "நல்லது மச்சான்" என்றாராம்.

அந்தக் கன்றுக்குத் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டியது மைனியின் வேலை. இன்றைக்குக் கூடவே போய்ப் பார்த்தேன். அரைக் குடம்தான் ஊற்றுகிறாள்.